இதயம் மாற்றிய வண்டிகள்

புதியதொன்றைக் கண்டுபிடித்தவனை உலகம் போற்றுகின்றது. அவனுடைய பெயர் பாடநூலில் ஏறுகின்றது. படம் வகுப்பறைச் சுவரில் தொங்குகின்றது. ஆனால், கண்டுபிடித்த பொருள் பழுதுற்றபோது அதனைத் திருத்தியவனையும், காலம் மாறியபோது காலத்துக்கேற்ப அதனை மாற்றி மேலும் இருபது ஆண்டுகள் உழைக்க வைத்தவனையும் எந்தப் பாடநூலும் அறியாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கல்லூரியிற் பௌதிகம் கற்பித்து வரும் நான், வோல்டாவையும் பரடேயையும் பற்றி மாணவர்க்கு எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கின்றேன். கையிலே கிறீசும் காதிலே பென்சிலுமாய்ச் சிறிய கராஜ் ஒன்றிற் குனிந்து நிற்கும் மனிதரைப் பற்றி ஒரு பாடவேளையேனும் பேச எனக்குப் பாடத்திட்டம் இடந்தந்ததில்லை. அந்தக் குறையை இந்த ஞாயிற்றுக்கிழமையில் வாசகர்களின் துணையோடு ஓரளவு தீர்த்துக்கொள்ளலாமென எண்ணுகின்றேன்.

நான் சொல்லப் புகுந்தது, பெற்றோல் மோட்டார் வண்டிகளின் இயந்திரத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மின்மோட்டாரைப் பொருத்திக் கொடுக்கும் சிறு தொழிலாளரைப் பற்றியாகும். பெருங் கம்பனிகள் கோடிக்கணக்கான பணத்தைக் கொட்டிப் புதிய மின்கார்களைச் செய்து விற்கின்றன. அது வேறு கதை. இவர்களோ ஏற்கெனவே உள்ள வண்டியை வைத்துக்கொண்டு, ஐந்தாறு பேர் நிற்கக்கூடிய இடத்திலே வேலை செய்பவர்கள்.

இவர்கள்மீது எனக்கு அக்கறை பிறந்ததற்கு ஒரு வீட்டுக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கொட்டிலிலே, என் தந்தையார் வாடகைக்கு ஓட்டிய மொரிஸ் மைனர் கார் ஒன்று நிற்கின்றது. தந்தையார் காலமான பின்னர் அது ஓடவில்லை. கனடாவிலிருக்கும் என் தம்பி, "அண்ணை, கொழும்பிலை பழைய கார் சேர்க்கிற ஆக்கள் நல்ல விலை தருவினம். குடுத்துவிடுங்கோ" என்று தொலைபேசியிற் கூறுகின்றான். உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகனோ, "அப்பா, எஞ்சினை எடுத்துப்போட்டு மோட்டர் பூட்டினால் என்ன?" என்று கேட்டு விடாது நச்சரிக்கின்றான். அவனுக்கு விடை சொல்வதற்காகவே நான் இவ்விடயத்தைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, இயந்திரத்திலும் பார்க்க மனிதரே என் மனத்தைக் கவர்ந்தனர்.

முதலில் ஒரு வியப்பான செய்தி. உலகில் முதன்முதல் ஓடிய மின்வண்டிகளில் ஒன்று, புதிதாகச் செய்யப்பட்டதன்று; பழையதை மாற்றியமைத்ததே. பாரிசு நகரிற் கருவிகள் செய்து விற்ற குஸ்தாவ் துரூவே என்பவர், இங்கிலாந்திற் செய்யப்பட்ட முச்சக்கர மிதிவண்டி ஒன்றை எடுத்து, தாம் திருத்தியமைத்த சிறு மின்மோட்டாரையும் சேமிப்புக் கலங்களையும் அதிற் பூட்டி, 1881 ஆம் ஆண்டு ஏப்பிரல் 19 ஆந் திகதி பாரிசு வீதியிலே ஓட்டிக் காட்டினார். பின்னர் அதே மோட்டாரைக் கழற்றிப் படகொன்றின் பின்புறத்திற் பொருத்திச் சேன் நதியிலும் ஓட்டினார். இன்று எங்கள் கடற்றொழிலாளர் வள்ளங்களின் பின்னாற் பூட்டி ஓடுகின்ற மோட்டாருக்கு அதுவே மூதாதை எனலாம்.

இத்தகையவருக்கு உலகம் செய்த கைம்மாறு யாது? 1902 ஆம் ஆண்டு அவர் இறந்தார். அவருடைய கல்லறைக்குரிய உரிமையைப் புதுப்பிப்பாரின்மையால், எலும்புகள் பொதுக்குழியிற் சேர்ந்தன. அவர் பிறந்த ஊரின் நகர மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்த அவருடைய ஏடுகளும் 1980 ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அழிந்தன. பொருத்துபவனுக்கும் மாற்றுபவனுக்கும் வரலாறு கொடுக்கும் இடம் இவ்வளவே என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா?

அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் மின்வண்டிக்கு நல்ல காலம். 1899 ஆம் ஆண்டு, மணிக்கு 100 கிலோமீற்றர் என்ற எல்லையை முதன்முதற் கடந்த வீதி வண்டி மின்வண்டியே; பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீய் ஜெனட்சி என்பவர் அதனை ஓட்டினார். 1900 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஓடிய மோட்டார் வண்டிகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று மின்சாரத்தால் ஓடிற்று என்பர். அக்காலப் பெற்றோல் வண்டியை இயக்குவதற்கு முன்புறத்திற் கம்பியை மாட்டிப் பலங்கொண்ட மட்டும் சுழற்ற வேண்டும். அது திருப்பி அடித்தாற் கை முறியும். 1912 ஆம் ஆண்டு, சாள்ஸ் கெற்றறிங் என்பவர் வடிவமைத்த மின்சாரத் தொடக்கியைக் கடிலாக் கார் ஏற்றுக்கொண்டது. சிறியதொரு மின்மோட்டார் பெற்றோல் இயந்திரத்தைச் சுழற்றிக் கொடுத்தது. மின்வண்டியை வீதியிலிருந்து அகற்றியவற்றுள் அந்தச் சின்னஞ்சிறு மின்மோட்டாரும் ஒன்று. கோடரிக்காம்பு குலத்துக்குக் கேடு என்று எங்கள் முன்னோர் சொன்னது இயந்திர உலகுக்கும் பொருந்துகின்றது.

பின்னர் அறுபது ஆண்டுகள் பெற்றோலே அரசாண்டது. 1973 ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, அமெரிக்காவிலே கார்கள் பெற்றோல் நிலையங்களின் முன் வரிசையாக நின்றன. 1979 ஆம் ஆண்டில், ஈரானியப் புரட்சியை அடுத்து, அந்த வரிசைகள் மீண்டும் தோன்றின. அந்த ஆண்டிலேதான், கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பகுதியில், மைக்கல் பிறவுண் என்னும் மோட்டார் மெக்கானிக் 'இலெக்ட்ரோ ஓட்டோமோட்டிவ்' என்ற சிறு தொழிலைத் தொடங்கினார். ஷாரி பிராஞ் என்ற பெண்மணி அவரோடு சேர்ந்து உழைத்தார். ஒருவர் ஸ்பானரைப் பிடித்தவர். மற்றவர் எழுதுகோலைப் பிடித்தவர் என்று சுருக்கமாகச் சொன்னாற் பெரிதும் பிழையாகாது.

இவர்கள் செய்த வேலையை மாணவர்களுக்காகச் சற்று விளக்கிச் சொல்லுகின்றேன். ஒரு காரிலிருந்து இயந்திரம், பெற்றோற்றாங்கி, புகைக்குழாய், நீராற் குளிர்த்தும் றேடியேற்றர் ஆகியவற்றை முதலில் அகற்றிவிடுவார்கள். கியர்ப்பெட்டியை மட்டும் விட்டுவைப்பார்கள். மின்மோட்டாரின் தண்டையும் கியர்ப்பெட்டியின் தண்டையும் ஒன்றாக இணைப்பதற்குத் தடித்த அலுமினியத் தகடு ஒன்று வேண்டும். இவ்வேலையின் உயிர்நிலை அந்தத் தகடுதான். இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டிற் சுழலவேண்டும். மயிரிழை பிசகினாலும் அதிர்வு எடுக்கும், போல்பெயறிங் தேய்ந்து போகும். அதன்பின், மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டும் நிறுத்தியும் அளந்து கொடுக்கும் கட்டுப்படுத்தியைப் பொருத்தி, ஓட்டுநரின் காலடி மிதியோடு தொடுப்பார்கள். பெற்றோல் இயந்திரம் உறிஞ்சும் வெற்றிடத்தின் உதவியினால் இயங்கிய பிறேக்குக்கு, இப்போது தனியாகச் சிறிய வெற்றிடப் பம்பி வேண்டும். விளக்குக்கும் ஹோணுக்கும் 12 வோல்ற்று மின்சாரத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். ஈற்றில், சேமிப்புக் கலங்களை முன்னும் பின்னும் நிறை சமநிலையாக அமையும்படி பகிர்ந்து வைக்கவேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் அந்நாளிற் பெருஞ் சுமை. அக்காலத்திற் கிடைத்தவை 6 வோல்ற்று ஈய அமிலச் சேமிப்புக் கலங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ நிறையுடையது. பதினாறு கலங்களை ஏற்றினால், ஐந்தாறு ஆட்களை எப்பொழுதும் ஏற்றிச் செல்வது போன்றதாகும். ஒரு கிலோ ஈயக்கலத்திற் சேமிக்கக்கூடிய சக்தி 30 முதல் 40 வாற்று மணி மட்டுமே. ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கிய சக்தியோ ஏறக்குறைய 9,000 வாற்று மணி. இக்கணக்கை மட்டும் பார்த்தால், மின்வண்டி ஓட்ட நினைப்பவனைப் பித்தனென்றே சொல்லத்தோன்றும். ஆயினும், பெற்றோல் இயந்திரம் தான் உண்ட சக்தியில் நாலிலொரு பங்கையேனும் சக்கரத்துக்குச் சேர்ப்பதரிது. மிகுதி வெப்பமாக வீதியிற் போய்விடும். மின்மோட்டாரோ பத்தில் எட்டு ஒன்பது பங்கை வேலையாக மாற்றுகின்றது. பெருந்தீனி தின்று சோம்பிக் கிடப்பவனுக்கும், சிறிதுண்டு முழுதும் உழைப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இது. நாள்தோறும் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே போய்வருபவர்களுக்கு அந்தக் கனத்த கலங்களே போதுமாயிருந்தன.

பிறவுணும் பிராஞ்சும் வொக்ஸ்வாகன் கம்பனியின் 'றபிட்' என்னும் சிறு காருக்கு வேண்டிய மோட்டார், தகடு, பெட்டிகள், கம்பிகள் அனைத்தையும் ஒன்றாகக் கட்டி, 'வோல்ட்ஸ்றபிட்' என்று நகைச்சுவையாகப் பெயரிட்டு விற்றனர். வாங்கியவர்கள் தம் வீட்டுக் கொட்டிலில் வைத்துத் தம் கையாலேயே பொருத்திக்கொண்டனர். ஆனால், அவர்கள் செய்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது கார் அன்று, ஒரு புத்தகம். 'மாற்றியமை' என்று பொருள்படும் 'கன்வேர்ட் இற்' என்னும் தலைப்பில், எந்த ஆணியை முதலிற் கழற்றுவது, எந்தக் கம்பியை எங்கே கொண்டுபோவது என்று படிப்படியாக விளக்கி, தம் தொழிலின் இரகசியம் முழுவதையும் அதிலே எழுதிவிட்டார்கள். சூரிய ஒளியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் பெறுவோருக்காக அமெரிக்காவில் வெளிவந்த சஞ்சிகையொன்றிலும் பிராஞ் அம்மையார் தொடர்ந்து எழுதி வந்தார்.

நண்பர்களே, இதன் அருமையை நாம் நன்கு உணர்வோம். தொழில் நுணுக்கத்தைத் தன் மகனுக்குக்கூட இறுதி நாள் வரை காட்டாது கண்மூடிய கைவினைஞர் எத்தனை பேரை நம் ஊர்கள் கண்டிருக்கின்றன! அவரோடு அவருடைய மருந்தும் போயிற்று, கருவியும் போயிற்று, கைப்பக்குவமும் போயிற்று. சிறு தொழில் செய்து பிழைப்பவன் தன் வித்தையைப் புத்தகமாக்கி விற்பது, குளத்துக்காரன் குளத்தைத் திறந்துவிடுவதை ஒக்கும். தண்ணீர் பிறர் வயலுக்கும் பாயும். பயிர் பலருக்கும் விளையும்.

இதற்கு நேர்மாறான கதையொன்றும் அதே கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் என்னும் மாபெருங் கம்பனி 1996 ஆம் ஆண்டு முதல் 'ஈ.வி.1' என்னும் மின்காரை வெளியிட்டது. மொத்தமாக 1,117 கார்கள் செய்யப்பட்டன. மிக நல்ல கார். ஆனால், அதனை எவருக்கும் விற்கவில்லை; குத்தகைக்கே கொடுத்தனர். 2003 ஆம் ஆண்டில் திட்டத்தைக் கைவிட்டபோது, ஓட்டியவர்கள் விலைக்குத் தாருங்களென்று மன்றாடியும் கொடுக்காமல், கார்களைத் திருப்பியெடுத்துப் பெரும்பாலானவற்றை நசுக்கி அழித்துவிட்டனர். வீட்டுக் கொட்டிலில் மாற்றியமைத்த காரை எவர் வந்து திருப்பிக் கேட்க முடியும்? அது அவன் பணத்தில் வாங்கியது. அவன் கையாற் பூட்டியது. பழுதானால் அவனே திருத்துவான். சிறு தொழிலாளன் விற்றது காரை மட்டுமன்று. அதன்மேல் உரிமையையும், அதைப் பற்றிய அறிவையும் சேர்த்தே விற்றான்.

காலம் மேலும் மாறிற்று. 2010 ஆம் ஆண்டின் இறுதியில் நிசான் கம்பனியின் 'லீவ்' கார் சந்தைக்கு வந்தது. அதன் இலிதியம் மின்கலத் தொகுதி 24 கிலோவாற்று மணி சக்தியைக் கொள்வது. நிறை 300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஈயத்தில் அதே சக்தியைச் சுமக்க அரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். விபத்திற் சிக்கி உடல் நெளிந்த லீவ் கார்களின் மோட்டாரும் மின்கலமும் பழுதின்றிக் கிடைக்கத் தொடங்கியதும், மாற்றுத் தொழிலுக்கு இரண்டாம் பிறவி கிடைத்தது. லண்டன் மாநகரின் வோக்ஸோல் பகுதியில், ரயிற் பாலத்தின் கீழுள்ள வளைவொன்றில், மத்தியூ குவிற்றர் என்பவர் 'லண்டன் இலெக்ட்ரிக் கார்ஸ்' என்ற சிறு தொழிலகத்தை அமைத்தார். அவர் தமக்கென மின்சாரத்துக்கு மாற்றிக்கொண்ட கார் எது தெரியுமா? மொரிஸ் மைனர்! இதைப் படித்தபோது நான் எழுந்து போய்க் கொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்தேன் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை.

மொரிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு பிறந்த கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. எங்கள் நாட்டுக்கும் அதற்கும் உள்ள உறவு வாடகைக் காரோடு முடிந்துவிடவில்லை. இங்கிலாந்திற் பழைய மைனர்களைப் புதுப்பித்துவந்த சாள்ஸ் வெயர் என்பவர், 1990 களில் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, மைனர் காரின் உடற்றகடுகளை இலங்கையிலே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். காரைச் செய்த நாடு உதிரிப்பாகத்துக்காக எங்கள் கைவினைஞரை நாடிய அழகை என்னென்பது!

அதே 1990 களில், யாழ்ப்பாணத்திலே, வேறொரு வகை மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது, மின்சாரமும் நின்றது, வானொலிப் பெட்டிக்குப் போடும் சின்ன பற்றரிக்கும் தடை. எனக்கு அப்பொழுது பத்து வயது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றித் தைனமோவினால் வானொலியில் செய்தி கேட்போம். சுற்றுபவன் நான், கேட்பவர்கள் பெரியவர்கள். நான் களைத்தால் செய்தியும் களைக்கும். மின்காந்தத் தூண்டலை நான் கற்றது அங்கேதான். பல்கலைக்கழகம் அதற்குச் சமன்பாடு தந்தது, அவ்வளவே.

தந்தையாரின் கார் மண்ணெண்ணெயில் ஓடிற்று. இளைய வாசகர்களுக்கு இது விளங்காதிருக்கலாம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது தீப்பற்றாது. ஆதலால், சிறு போத்தலொன்றிற் பெற்றோலை வைத்து, குழாய் வழியாகக் காபரேற்றருக்குச் சில துளி விட்டு இயந்திரத்தை இயக்குவார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார். பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவாயிருந்தமையால், அவை முக்கி முனகிக்கொண்டேனும் அதனை ஏற்றுக்கொண்டன. வெண்புகை தெருவை மறைக்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். அந்தப் புகைக்கு நடுவே எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளை நள்ளிரவில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்! ஒரு போத்தல் பெற்றோல் தங்கத்திலும் அரிதாயிருந்த நாளில், அவர் அதனை மருந்துபோல் அளந்து வைத்திருந்தார். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி ஊரே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த மழையிரவில், என் பாட்டியும் அயலவர் மூவரும் அந்தக் காரில் இருந்தபடியே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். நாங்கள் பிள்ளைகள் பின்னாலே தள்ளிக்கொண்டு நடந்தோம்.

கலிபோர்னிய மெக்கானிக்கையும் என் தந்தையாரையும் ஒன்றாக வைத்து எண்ணுவது மிகையென்று சிலர் கருதலாம். ஒருவர் விருப்பத்தாற் செய்தார். மற்றவர் வேறு வழியின்றிச் செய்தார். அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. இல்லாமையை எவரும் அழகாக்கிப் பாடவேண்டியதில்லை. ஆயினும், இருவருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. 'இந்தப் பொருள் இப்படித்தான் இயங்கும்' என்று செய்தவன் எழுதிவைத்ததை இறுதித் தீர்ப்பாக அவர்கள் கொள்ளவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார்கள். ஏன், எப்படி என்று கேட்டார்கள். கைக்கெட்டியதை வைத்துக் காரியத்தை முடித்தார்கள்.

2022 ஆம் ஆண்டு வந்தது. இம்முறை வரிசை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. நாடு முழுவதும் நின்றது. நாட்கணக்கில் வண்டிகள் பெற்றோலுக்காகக் காத்துக் கிடந்தன. வரிசையில் நின்றபடியே சிலர் உயிர்விட்டனர். யூலை மாதத்தில் எரிபொருள் அட்டை முறை தொடங்கியபோது, முச்சக்கர வண்டிக்கு வாரமொன்றுக்குக் கிடைத்தது 5 லீற்றர். அதை வைத்து ஒரு குடும்பம் எங்ஙனம் பிழைக்கும்? நாட்டிலே பதிவு செய்யப்பட்ட முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. 2020 ஆம் ஆண்டு முதல் புதிய வாகன இறக்குமதிக்குத் தடையும் இருந்தது. புதியது வாங்க முடியாது. பழையதுக்குத் தீனி இல்லை. ஆகவே, பெற்றோல் முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றுவதுபற்றி அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் ஆராய்ந்து பரீட்சார்த்த முயற்சியில் இறங்கின. உள்ளூர்த் தொழிலகங்கள் சிலவும் முன்வந்தன. 2015 ஆம் ஆண்டளவில் வரிச்சலுகையோடு ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய லீவ் கார்களின் மின்கலம் தளர்ந்தபோது, அவற்றைத் திறந்து, பழுதான கலத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் ஏற்கெனவே நாட்டில் இருந்தார்கள். இத்தொழிலுக்கு வேண்டிய கைகள் எங்களிடமும் உண்டு என்பதற்கு அவர்களே சாட்சி.

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தையும் கூறாவிட்டால் ஆசிரியன் என்ற பெயர் எனக்குப் பொருந்தாது. மாற்றுதல் மலிவான காரியமன்று. நல்ல மின்கலத்தின் விலை பழைய வண்டியின் விலையையே விஞ்சக்கூடும். லீவ் காரின் மின்கலத் தொகுதியில் 300 வோல்ற்றுக்கு மேல் அழுத்தம் உண்டு, அது நேரோட்டம், பிடித்தால் உயிரைக் குடிக்கும். ஆதலால், மாணவர்காள், தகுந்த பயிற்சியும் மேற்பார்வையுமின்றி அதனிற் கைவையாதீர்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இயந்திர இலக்கமும் எரிபொருள் வகையும் பதியப்பட்டுள்ளன. மாற்றுவோர் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். மின்சாரம் என்றவுடன் புகையே இல்லையென்று எண்ணுவதும் தவறு. நுரைச்சோலையில் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கின்றது. நீரும் காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் பெருகப் பெருகத்தான் வண்டியும் தூய்மையாகும்.

இவற்றுக்கெல்லாம் கணக்குப் போட்டு விடை காணலாம். கணக்குக்கு அடங்காத கேள்வியொன்றை என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், எஞ்சினை எடுத்தால் பிறகு அது அதே கார்தானோ?" நான் உடனே விடை கூறவில்லை. எங்கள் காரின் வரலாற்றை எண்ணிப் பார்த்தேன். அதன் காபரேற்றர் இருமுறை மாறியது. பிஸ்ரன் வளையங்கள் எத்தனை முறை மாறினவோ தெரியாது. இடது பக்கத்து மட்காட் வேறொரு காரினுடையது. ஆசனத்துணி என் தாயார் தைத்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தது எவ்வளவு, எங்கள் ஊர் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனாலும், இயந்திரத்தை அகற்றும்போது இழப்பே இல்லையென்று சொல்வதும் உண்மையாகாது. தந்தையாரின் கார் சந்தியிற் திரும்பும்போதே, அந்த ஓசையைக் கேட்டுத் தாயார் அடுப்பிற் தேநீர்க் கேத்திலை வைப்பார். மின்மோட்டாருக்கு அந்தக் குரல் இல்லை. ஓசையின்றி வந்து வாசலில் நிற்கும் வண்டி எவருக்கும் வருகையை முன்னறிவிக்காது. இதை ஈடுசெய்ய எந்தத் தொழிலகத்திலும் உதிரிப்பாகம் கிடையாது.

ஆதலால், முடிவைத் தாயாரிடமே விட்டோம். தம்பி ஒருபுறம் விலையைச் சொன்னான். மகன் மறுபுறம் வோல்ற்றளவைச் சொன்னான். இருவரையும் பொறுமையாகக் கேட்ட தாயார், "ஓடினாத்தான் மோனை அது கார். நிண்டா அது தகரம். கொப்பர் மண்ணெண்ணெயிலை ஓட்டினவர். கறண்டிலை ஓட்டுறதுக்குக் கோவிப்பாரே? எஞ்சினை மட்டும் எறிஞ்சு போடாதையுங்கோ" என்றார்.

அவ்வாறே தீர்மானித்தோம். காரை விற்பதில்லை. பணம் சேர்ந்து, அனுமதியும் கிடைக்கும் நாளில், தொழில் தெரிந்தவர்களைக் கொண்டு அதனை மாற்றுவது. அதுவரை துருவேறாமற் காப்பது. இயந்திரம் வெளியே வரும் நாளில், அதனை மரச்சட்டமொன்றில் ஏற்றி, என் வகுப்பறையின் ஒரு மூலையில் நிறுத்துவதற்கு அதிபரிடம் அனுமதியும் கேட்டுவிட்டேன். சிலிண்டர் எது, வால்வு எது என்று பிள்ளைகள் கையாற் தொட்டுப் பார்க்கட்டும். என் மகன் இப்பொழுதே கியர்ப்பெட்டியின் முகத்தைக் கடதாசியில் அளந்து, தகட்டுக்குப் படம் வரையத் தொடங்கிவிட்டான். மூன்று முறை அளந்தான்; மூன்று முறையும் மூன்று அளவுகள் வந்தன. நாலாம் முறையும் அளக்கும்படி கூறியிருக்கின்றேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எல்லாரும் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வரவேண்டுமென்றே பெற்றோர் விரும்புகின்றனர். அது நல்ல விருப்பந்தான். ஆனால், உங்களில் எவனாவது ஒருவன், எவளாவது ஒருத்தி, உடைந்த பொருளொன்றைக் கண்டவுடன் எறியாமல் அதன் மூடியைத் திறந்து பார்க்கும் குணமுடையவராயின், அக்குணத்தைப் பரீட்சைப் புள்ளிக்காகக் கொன்றுவிடாதீர்கள். கற்றதை எழுதிவையுங்கள், அடுத்தவருக்கும் காட்டுங்கள். பெற்றோரே, பிள்ளையின் சட்டையில் கிறீசுக் கறை இருந்தால் உடனே ஏசாதீர்கள். நல்ல சவர்க்காரம் போட்டால் அது போய்விடும்.